பனியின் மேல் பழி: மூக்குச் சொட்டு மருந்து எப்படிப் பழக்கமாகிறது?

நீலகிரியில் மூக்கடைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பொதுவாக இரண்டு பதில்கள் வரும். “இந்தப் பனிக்கு மூக்கு அடைக்காமல் என்ன செய்யும்?” என்பது ஒன்று. “மெடிக்கலில் விற்கிற சளி மருந்து எல்லாமே போதைதான், ஒருமுறை தொட்டால் விடாது” என்பது மற்றொன்று. முதல் பதில் எல்லாவற்றையும் ஊரின் குளிர் தலையில் கட்டிவிடுகிறது. இரண்டாவது பதில், எந்த மருந்து, என்ன அளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கே இடம் கொடுப்பதில்லை. கோத்தகிரியில் மருந்தாளுநராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இரண்டையும் அடிக்கடி கேட்கிறேன். இவ்விரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் போகும் ஒரு நிலை உண்டு. சளி விலகிய பிறகும் மூக்கு அடைத்தே இருக்கும். அடைத்து வைத்திருப்பது, அடைப்புக்காக விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தாகவே இருக்கும். முதலில் அதை விளக்கிவிட்டு, சளி மாத்திரைகளையும் தைலத்தையும் பின்னர் பார்க்கலாம்.

## மூக்கை அடைப்பது எது?

மூக்கு அடைத்திருக்கும்போது உள்ளே சளி கெட்டியாகி நிற்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதனால் காது வலிக்கும்வரை சீந்துகிறோம். ஒன்றும் வெளியே வராது, மூக்கும் திறக்காது. அடைப்பில் சளிக்கும் பங்கு உண்டு என்றாலும், பெரும்பங்கு வீக்கத்துக்கே உரியது.

மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் உட்சுவரிலிருந்து மூன்று சுருள் எலும்புகள் மேலிருந்து கீழாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஈரமான ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது; அந்தச் சவ்வுக்குள் இரத்தம் தேங்கி நிற்கக்கூடிய நுண்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. நாம் இழுக்கும் காற்று நுரையீரலுக்குப் போகும் முன் அதைச் சூடாக்கி ஈரமாக்கித் தருவது இந்த அமைப்பின் வேலை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்குந்தாவின் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் ஜனவரி விடியற்காலையில் அங்கே நிற்பவரின் மூக்கு, சமவெளிக்காரரின் மூக்கைவிட இந்த வேலையைக் கூடுதலாகத்தான் செய்தாக வேண்டும். குளிர்காற்று பட்டதும் மூக்கில் நீர் ஒழுகுவது அதனால்தான். அதை நோய் என்று சொல்ல முடியாது, மருந்தும் வேண்டாம்.

சளி பிடிப்பது வேறு. அது வைரஸ் தொற்று. ரைனோவைரஸ் என்ற ஒன்றிலேயே 150க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வைரஸ் நுழைந்ததும் அதை எதிர்க்கும் முயற்சியில் சவ்வின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சவ்வு வீங்கி, காற்று போகும் வழி குறுகுகிறது. சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகவே விலகிவிடும். கடையில் வாங்கும் எந்தச் சளி மருந்தும் அந்த வைரஸைக் கொல்வதில்லை, தொற்றின் நாட்களைக் குறைப்பதும் இல்லை. அவை தருவது அந்த நாட்களைக் கடத்துவதற்கான சௌகரியம் மட்டுமே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்க மூக்கு சற்று வீங்கி, மறுபக்கம் திறந்து, பிறகு மாறிக்கொள்ளும். இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது இது கூடுதலாகத் தெரியும். இதையும் சளி என்று எண்ணிச் சொட்டு மருந்தைத் தேடுபவர்கள் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், அடைப்பு என்பது பெரும்பாலும் விரிந்த இரத்தக் குழாய்களால் வரும் வீக்கம்; சளித் தொற்றில் வரும் வீக்கம் தானாக வடியக்கூடியது.

## வால்வைத் திருகுபவர்

அந்த இரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிய வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? நம் மலையூர்களின் குடிநீர் விநியோகத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். தெருவோரக் குழிக்குள் ஒரு வால்வு இருக்கும். நீண்ட இரும்புச் சாவியோடு நகராட்சி ஊழியர் ஒருவர் வந்து அதைத் திருகித் திறப்பார். நேரம் முடிந்ததும் மூடுவார். மூக்கில் அந்த ஊழியரின் வேலையைச் செய்வது நார்அட்ரினலின். அது நரம்பு முனைகளில் சுரந்து, இரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் வேதிப்பொருள். இரத்தக் குழாயின் சுவரில் அது வந்து பொருந்தும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். சாவி பொருந்தும் வால்வுத் தலை அதுதான்.

மூக்கடைப்புக்கென்று கடைகளில் விற்கும் சொட்டு மருந்துகளிலும் தெளிப்பான்களிலும் பெரும்பாலும் இருப்பவை சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்ற இரண்டு மருந்துகளில் ஒன்று. பெட்டியின் மேல் வணிகப் பெயர் பெரிதாகவும், இந்தப் பெயர் சிறிதாகவும் அச்சாகியிருக்கும். பார்க்க வேண்டியது சிறிய எழுத்தைத்தான். இவை அதே ஏற்பியில் போய்ப் பொருந்தி, நார்அட்ரினலினைவிடப் பலமாகவும் நீண்ட நேரமும் வால்வை இறுக்கி மூடிவிடுகின்றன. சில நிமிடங்களில் வீக்கம் வடிந்து காற்று தாராளமாகப் போகும். முதன்முறை பயன்படுத்துபவருக்கு 10 மணி நேரம்வரைகூட அந்த நிம்மதி நீடிக்கலாம்.

மருந்து என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சளியின் கடுமையான நாட்களில் இரவு தூங்குவதற்கு ஓரிரு நாள் விட்டுக்கொள்வது நியாயமானதுதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

## திரும்பி வரும் அடைப்பு

வெளியிலிருந்து ஒருவர் தினமும் வந்து வால்வை இறுக்கிவிட்டுப் போனால், நகராட்சி ஊழியர் என்ன செய்வார்? வேலைதான் நடக்கிறதே என்று வருவதைக் குறைத்துக்கொள்வார். மூக்கிலும் அதுவே நடக்கிறது. மருந்தின் இருப்பை உணரும் நரம்பு முனைகள், தாங்கள் சுரக்கும் நார்அட்ரினலினின் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. அதோடு, ஓயாமல் முறுக்கப்படும் வால்வுத் தலை தேய்வதைப் போல, இரத்தக் குழாய்ச் சுவரின் ஏற்பிகளும் மந்தமாகின்றன. முன்பு இரண்டு சொட்டுக்குக் கட்டுப்பட்டவை இப்போது நான்கு சொட்டுக்கும் அரைகுறையாகத்தான் கட்டுப்படும். இந்த நிலையில் மருந்தின் வேகம் தணிந்ததும், மூடுவதற்கு வெளியாளும் இல்லை, சொந்த ஊழியரும் இல்லை. இரத்தக் குழாய்கள் முழுமையாக விரிந்து, சளி பிடித்த நாளில் இருந்ததைவிடக் கூடுதலாகவே மூக்கு வீங்கக்கூடும். இதை மீள்வீக்கம் என்று சொல்லலாம். அதுவே நிலைத்துவிட்டால், மருந்தால் வரும் மூக்கழற்சி என்று மருத்துவர்கள் அதற்குத் தனி நோயாகவே பெயரிட்டிருக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1940களிலேயே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டுவிட்டது.

அடைத்த மூக்குக்கு மறுபடியும் சொட்டு மருந்து விட்டால், மறுபடியும் திறக்கும். அந்தத் திறப்புதான் ஆளை ஏமாற்றுகிறது. “பார், மருந்து வேலை செய்கிறது, அப்படியானால் நோய் இன்னும் போகவில்லை” என்று மனம் கணக்குப் போடுகிறது. 10 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றிருந்தது 6 மணி ஆகும், பிறகு 3 மணி ஆகும். கடைசியில் குப்பி தலையணைக்கு அடியிலும், வேலைக்குப் போகும்போது சட்டைப் பையிலும் இருக்கும்.

எத்தனை நாளில் இந்தச் சுழல் தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலருக்கு மூன்றாம் நாளிலேயே தொடங்கலாம், சிலருக்குச் சில வாரங்கள் ஆகலாம். அதனால்தான் மருத்துவர்கள் 3 முதல் 5 நாளோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

மருந்து வேகம் தணியும்போது வரும் அடைப்பு, நோய் மிச்சமிருப்பதற்கான சான்று ஆகாது. இக்கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால், அந்த வரி இதுவாக இருக்கட்டும்.

## மலையில் இது ஏன் கண்ணில் படுவதில்லை?

கடை மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு இதை அடையாளம் காண்பது கடினமில்லை. சளி பிடித்தவர் தும்முவார், மூக்கைத் துடைப்பார், தொண்டையும் சேர்த்துக் கரகரக்கும். இவருக்கு அவை எதுவும் இருக்காது. காலிக் குப்பியை மேசைமேல் வைத்து, “அண்ணா, இதே ஒண்ணு குடுங்க” என்பார். சட்டைப் பையில் உரசி உரசி லேபிளின் எழுத்து பாதி அழிந்திருக்கும். காசைக் கொடுத்த கையோடு மூடியைத் திருகி, கடை வாசலிலேயே தலையை அண்ணாந்து இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டுதான் படி இறங்குவார். “எத்தனை நாளாங்க சளி?” என்று கேட்டால், “சளியெல்லாம் இல்லீங்க, இந்தப் பனிதான். இது இல்லாம ராத்திரி படுக்கவே முடியாது” என்று பதில் வரும்.

சளி இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அடைப்பு இருக்கிறது, அதற்குக் காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, அதன் பின்னால் உறைபனி என்று ஆண்டின் பெரும்பகுதி இங்கே ஈரமும் குளிருமாகவே கழிகிறது. வியர்த்து வழியும் ஊரில் ஒருவருக்கு மாதக்கணக்கில் மூக்கு அடைத்திருந்தால், ஏதோ சரியில்லை என்று அவரே மருத்துவரிடம் போய்விடுவார். மலையில் அந்தச் சந்தேகமே எழுவதில்லை. பனி எப்போதும் பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராக நிற்கிறது.

அவரிடம் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி, மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போய்ச் சில நாள் தங்கினால் மூக்கு எப்படி இருக்கிறது என்பது. குளிர்தான் காரணம் என்றால் கீழே இறங்கினதும் குறைய வேண்டும். “அங்கேயும் இதேதான், பையில எடுத்துட்டுத்தான் போவேன்” என்று பதில் வந்தால், பனியை விட்டுவிட்டுக் குப்பியைப் பார்க்க வேண்டும் என்று பொருள். இது மருத்துவப் பரிசோதனை இல்லை. ஆனால் யோசிக்க வைக்கப் போதுமான கேள்வி என்பது என் அனுபவம்.

மூக்கடைப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை, மூடிய அறையில் வைக்கும் கணப்பின் புகை, ஒவ்வாமை, வளைந்த மூக்குத் தண்டு, மூக்குக்குள் வளரும் சதை என்று அவை பல. சொட்டு மருந்து இவை அனைத்தையும் ஒன்றுபோல மறைத்துவைக்கிறது.

## இதை அடிமைத்தனம் என்று சொல்லலாமா?

ஒரு பொருள் இல்லாமல் உடல் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலைக்குச் சார்பு என்று பெயர். தீங்கு தெரிந்தும், அதன் மயக்கத்துக்காக அப்பொருளைத் தேடி அலையும் நிலை அடிமைத்தனம். மூக்குச் சொட்டு மருந்தில் பொதுவாகக் காண்பது முதல் வகை. அதில் போதை இல்லை, இன்பமும் இல்லை. மூச்சுவிட முடியாத அவஸ்தை மட்டுமே இருக்கிறது. ஆகவே அவரை அடிமை என்று வீட்டார் ஏசுவது தவறு மட்டுமில்லாமல் பயனற்றதும்கூட. அவருடைய மன உறுதிக்கும் அவருடைய சுருள் எலும்புகளுக்கும் தொடர்பில்லை.

இருமல் மருந்துகளில் சில உண்மையிலேயே அடிமையாக்கக்கூடியவை. கோடீன் அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. அது கலந்த இருமல் மருந்துகள் எச்1 அட்டவணையில் உள்ளன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதியின்படி, மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கலாம், விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். சீட்டில்லாமல் கேட்டு மறுக்கப்பட்டால் அந்தக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

## சளி மாத்திரையின் கணக்கு

மாத்திரையின் ஆபத்து வேறு வகையானது. அது பழக்கத்தில் இருப்பதைவிடக் கணக்கில் இருக்கிறது. சளி மாத்திரை என்று ஒரே பெயரில் விற்பது பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகளின் கூட்டு. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், தும்மலுக்கும் ஒழுகலுக்கும் குளோர்பெனிரமின், அடைப்புக்குப் பினைலெஃப்ரின், சிலவற்றில் காஃபின்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். 500 மில்லிகிராம் உள்ள சளி மாத்திரையை ஒருவர் நாளைக்கு 4 முறை போட்டால் 2,000 ஆகிறது. உடம்பு வலிக்கிறது என்று, அதிலும் இதே மருந்துதான் இருக்கிறது என்று தெரியாமல், “ஒரு 650” வாங்கி அதையும் 4 முறை போட்டால் 2,600. மொத்தம் 4,600 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 தான். தினமும் மது அருந்துபவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. வரம்பைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும், அதுவும் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமல்.

குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும், எதிர்வினையை மந்தமாக்கும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காலையில் சளி மாத்திரை போட்டுக்கொண்டு அதில் சுற்றுலா வண்டி இறக்குபவர், தான் தெளிவாக இருப்பதாகவே நினைப்பார். பிரேக்கை மிதிக்கும் கால் மட்டும் அரை நொடி தாமதிக்கும். ஓட்டுநர் தூக்கம் வராத மாத்திரை வேண்டும் என்று கடையில் சொல்லியே வாங்க வேண்டும். முதியவர்களில் புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இதே மருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு.

மாத்திரையில் உள்ள பினைலெஃப்ரினைப் பற்றிச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். வாய்வழி விழுங்கும்போது குடலிலும் கல்லீரலிலும் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மூக்குக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. வழக்கமான அளவில் அது மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு செய்தது. 2024 நவம்பரில், சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளிலிருந்து அதை நீக்க அந்நிர்வாகம் முன்மொழிந்தது. இந்தியாவில், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிட 2023இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

“சளிக்கு ஒரு செட் குடுங்க” என்று கேட்டு, காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரைகளை வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அட்டையில்லாத மாத்திரைக்குப் பெயரில்லை. அதில் ஆண்டிபயாடிக் இருக்கலாம், ஸ்டீராய்டுகூட இருக்கலாம். சளிக்கு இரண்டுமே தேவையில்லை. மேலே போட்ட பாராசிட்டமால் கணக்கையும் அங்கே யாராலும் போட முடியாது.

## தைலம் இந்தக் கணக்கில் வராது

1840களில் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரத்திலிருந்து காய்ச்சும் தைலத்தைத் துணியில் நாலு சொட்டு விட்டு முகர்வதும், மென்தால் இன்ஹேலரை உறிஞ்சுவதும் மீள்வீக்கத்தை உண்டாக்குவதில்லை. காரணம் எளிது, அவை வீக்கத்தைக் குறைப்பதே இல்லை. மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, காற்று நன்றாகப் போவது போன்ற உணர்வைத் தருகின்றன, அவ்வளவுதான். அந்த உணர்வும் தூங்க உதவும் என்பதால் அதை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் தைலத்தை மூக்குக்குள் விடுவதோ, பாலில் கலந்து குடிப்பதோ, கைக்குழந்தையின் முகத்தருகே தடவுவதோ கூடாது. குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்புகூட வரலாம்.

## நிறுத்துவது எப்படி?

மீள்வீக்கம் பெரும்பாலும் மீளக்கூடியது. மருந்தை நிறுத்தினால் நரம்பு முனைகள் பழைய சுரப்புக்குத் திரும்புகின்றன. கடினமானவை முதல் சில நாட்கள். அந்த நாட்களைத் தாண்டமுடியாமல்தான் பலர் இரண்டாம் இரவே திரும்பவும் குப்பியை எடுக்கிறார்கள்.

பரவலாகச் சொல்லப்படும் ஒரு வழி, முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் மருந்தை நிறுத்துவது. மற்றப் பக்கத்தால் மூச்சுவிட முடிவதால் தூக்கம் கெடாது. நிறுத்திய பக்கம் ஓரிரு வாரத்தில் திறந்ததும் அடுத்த பக்கத்துக்கும் நிறுத்தலாம். இதற்குத் துணையாக மருத்துவர்கள் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு தெளிப்பான்களை எழுதித் தருவார்கள். அவை அழற்சியைத் தணிப்பவை; பலன் தெரியச் சில நாள் ஆகும் என்பதால், “உடனே கேட்கவில்லை” என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது. உப்புநீர்ச் சொட்டு அல்லது தெளிப்பானை எத்தனை நாள் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வீட்டில் கலப்பதானால் கொதிக்க வைத்து ஆறிய நீரைத்தான் எடுக்க வேண்டும். ஓடையில் பிடித்த நீர், பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இதற்கு ஆகாது. தலையணையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் உதவும்.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாகவே எதையும் தொடங்காமல், மருத்துவரைக் கேட்ட பிறகே மாற்றிக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் அடைப்பது, அடிக்கடி இரத்தம் வருவது, மருந்தை நிறுத்தி ஒரு மாதமாகியும் திறக்காதது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் போய்வருவது, மாதந்தோறும் வாங்கும் குப்பிகளைவிடச் செலவு குறைவு.

## குழந்தை உள்ள வீட்டில்

குழந்தைக்கென்று விற்கும் உப்புநீர்ச் சொட்டும், பெரியவர்களின் சைலோமெட்டசோலின் சொட்டும் பல நேரம் ஒரே அளவுக் குப்பியில், ஒரே வகை மூடியோடு வருகின்றன. இரவில், மின்சாரம் போன நேரத்தில், ஒன்றுக்கு மற்றொன்று மாறுவது எளிது. இந்த வகை மருந்தை 5 வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தை 1 முதல் 2 மில்லிலிட்டர் விழுங்கினாலே இதயத் துடிப்பு மந்தமாகி, மூச்சு குறைந்து, மயக்கமாகிவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108ஐ அழைத்து, காலியானாலும் அந்தக் குப்பியை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து, என்ன வீரியம் என்று மருத்துவர் முதலில் கேட்பார். லேபிள் தேய்ந்த குப்பியில் அது இருக்காது என்பதால், வாங்கிய அட்டைப் பெட்டியையும் எறிந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.